எண்ணெய், சுண்ணாம்பு, ஈயம்

மேசை மேல் இருக்கும் இந்தக் கறுப்பு மிஷினின் சக்கரம் சுற்றாது. கூட்டம் தொடங்குமுன் வந்த நாலைந்து பேர் கைப்பிடியைப் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டார்கள். தேய்ந்துபோய்விட்டது, இனித் தேறாது என்றார் ஒருவர். எடைக்குப் போட்டாலும் வார்ப்பிரும்புக்கு நல்ல காசு வரும் என்றார் இன்னொருவர். இரண்டு தீர்ப்பும் தப்பு. பரணில் வருஷக்கணக்காகக் கிடந்த தையல் மிஷின் பூட்டிக்கொள்வதற்குத் தேய்மானம் காரணமாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் காரணம், யாரோ அக்கறையாக விட்ட எண்ணெய்.

அதுவும் சமையல் எண்ணெய். மிஷின் ஆயில் தீர்ந்துபோன அன்றைக்கு, கடைக்குப் போக ஆள் இல்லாத நேரத்தில், அடுப்படி அலமாரியிலிருந்து எடுத்து விட்ட இரண்டு சொட்டு. அப்போதைக்குச் சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் நல்லெண்ணெய் போன்ற தாவர எண்ணெய் காற்றுப்பட்டால் மெல்ல மெல்ல இறுகும். எண்ணெய்த் தூக்கின் விளிம்பில் பழுப்பேறி, சீயக்காய்க்கும் சோப்புக்கும் மசியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பிசுக்கு எந்த வீட்டிலும் உண்டு. அதே பிசுக்குதான் இந்த மிஷினுக்குள்ளும் இருக்கிறது. துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சும் அதில் கலந்து, தண்டுக்கும் அது ஓடும் துளைக்கும் நடுவே இருந்த தலைமுடி அளவு இடைவெளியைப் பிசின்போல அடைத்துவிட்டது. மிஷின் ஆயில் பெட்ரோலியத்திலிருந்து வருவது. மெல்லியது, அவ்வளவு எளிதில் இறுகாது. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வித்தியாசத்துக்குத்தான் நல்ல மிஷின்கள் எடைக்குப் போகின்றன.

அடித்தட்டின் வலது மூலையில் ஒரு வரிசை எண் பொறித்திருக்கிறது. முதலில் ‘ஒய்’ என்ற ஆங்கில எழுத்து. 1920களிலும் 30களின் முற்பாதியிலும் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்த சிங்கர் மிஷின்களுக்கு அந்த எழுத்து. பழைய மிஷின் பிடித்தவர்கள் முதலில் பார்ப்பது பளபளப்பை இல்லை, இந்த எண்ணை. கிளைட்பேங்க் ஆலை 1885ல் திறந்தது. நாலு பக்கமும் முகம் வைத்த ஒரு பெரிய மணிக்கூண்டு அதன் அடையாளம். 1941 மார்ச்சில் ஜெர்மன் விமானங்கள் அந்த ஊரையே குண்டு போட்டு எரித்தபோது ஆலையின் மரக்கிடங்கும் எரிந்தது. மணிக்கூண்டை 1963ல் இடித்தார்கள். ஆலையை 1980ல் மூடினார்கள். இன்றைக்கு அங்கே மிச்சம் இருப்பது ‘சிங்கர்’ என்ற பெயர்ப்பலகையோடு ஒரு ரயில் நிலையம். பெற்ற ஊரில் புல் முளைத்துவிட்டது. பிள்ளை இங்கே பரணில் இருந்திருக்கிறது.

இந்தப் பக்கம் அது வந்து சேர்ந்த வழியும் சுவாரசியமானது. விலை அதிகமுள்ள பொருளைத் தவணையில் விற்கலாம் என்ற யோசனையை 1856லேயே சிங்கர் கம்பெனியின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். கொழும்பில் 1877ல் கடை போட்டார்கள். இந்தியாவில் 1930களில் கல்கத்தாவில் பிறந்த உஷா போட்டிக்கு வந்தது. கம்பெனி நிறுவனரின் ஐசக் மெரிட் சிங்கர் என்ற முழுப்பெயரின் நடுத்துண்டு பிற்பாடு ‘மெரிட்’ ஆகி நம் தையல்கடைகளில் உட்கார்ந்துகொண்டது. மெரிட்டில் தைக்கிற பலருக்கு அது ஓர் ஆளின் பெயர் என்று தெரியாது.

இயந்திரங்களை ஏற்காத காந்திகூட இதற்கு விலக்குக் கொடுத்தார். 1924ல் டெல்லியில் ஜி. ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர் அவரை மடக்கி மடக்கிக் கேட்டார்: எல்லா இயந்திரமும் வேண்டாமா? தையல் மிஷின் இருக்கலாம் என்றார் காந்தி. மனைவி கையால் தைத்துச் சலிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். அன்பு விஷயத்தில் ஐசக் சிங்கரின் கணக்கு கொஞ்சம் சிக்கலானது. ஒரே காலத்தில் பல குடும்பங்கள், இருபதுக்கும் மேல் பிள்ளைகள். கண்டுபிடிப்பிலும் அவர் முதல் ஆள் இல்லை. அவருக்குக் காப்புரிமை கிடைத்தது 1851ல், எலியாஸ் ஹோவ் தன்னுடையதை 1846லேயே வாங்கிவிட்டார். ஹோவ் வழக்குப் போட்டு ஜெயித்தார், சிங்கர் பணம் கட்டினார். காந்தி காதுக்கு வந்த கதை பிசகு என்றாலும், ஒரு மனுஷியின் முதுகையும் கண்ணையும் மிச்சப்படுத்தும் கருவி என்று அவர் கண்டது பிசகில்லை. கேள்வி கேட்ட ராமச்சந்திரன்தான் பிற்பாடு 1947ல் டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கியவர்.

இந்த மிஷின் பரணிலிருந்து இறங்கியது தைப்பதற்காக இல்லை. அது கிடந்த பழைய வீட்டில் அடுப்படியைப் புதுப்பிக்கிறார்கள். பரணைக் காலிசெய்தபோது ஒரு உடைந்த உறி, இரண்டு வெண்கலப் பானை, காலில்லாத முக்காலி, இவற்றுக்குப் பின்னால் மரக்கூடு போட்டு மூடிய மிஷின். பழைய அடுப்படியில் கைவைத்த எவருக்கும் இப்படி ஏதாவது ஒன்று கிடைத்திருக்கும்.

மிஷினை ஓரமாக வைத்துவிட்டுக் கொத்தனார் சுவருக்குப் போனார். கரணையின் பிடியால் தட்டிக்கொண்டே நடந்தார். மேலே தட்டினால் கெட்டியான சத்தம். இடுப்பு உயரத்துக்குக் கீழே தட்டினால் தொப்தொப்பென்று பொள்ளல் சத்தம். ஒரு இடத்தில் கரணை முனையை நுழைத்து நெம்பினார். பலகை மாதிரி ஒரு சிமெண்ட் வில்லை கழன்று விழுந்தது. அதன் பின்பக்கம் ஈரம். உள்ளே செங்கல் முகத்தில் வெள்ளையாக உப்பு பூத்து, விரல் வைத்தால் மாவாக உதிர்ந்தது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் அது. பிற்காலத்தில் யாரோ ‘இனிமேல் உதிராது’ என்று சொல்லி அதன்மேல் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். பழைய சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணிலிருந்து ஈரம், திரியில் எண்ணெய் ஏறுவதுபோலச் செங்கல்லில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு நுண்துளை நிறைந்தது. ஏறிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. வழி அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும், சுமந்துவந்த உப்பைப் பூச்சுக்குப் பின்னால் இறக்கும். உப்பு படிகமாகும்போது செங்கல்லைப் பிளக்கும். உதிர்வதைப் பார்த்த வீட்டுக்காரர் என்ன செய்வார்? சிமெண்டுக்கு மேல் எனாமல் பெயிண்ட். அதுவும் பொரிந்தால் மேலே டைல்ஸ். வியாதி ஒவ்வொரு முறையும் ஒரு முழம் மேலே போகும்.

சுண்ணாம்பு பொறுமை கேட்கிற சாமான். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறும். தண்ணீர் விட்டு நீற்றினால் கொதித்துப் பொங்கி வெண்ணெய்போலக் குழையும். சுவரில் பூசிய பிறகு, காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை விட்டுச் சாந்து அரைத்ததெல்லாம் இந்த மெத்தனமான வேலைக்குத் துணையாகத்தான். மூன்று நாளில் அடுப்படி வேண்டும் என்கிற ஒப்பந்தக்காரருக்கு இதெல்லாம் சரிப்படாது. கூலியும் கூடுதலாகும், மறைப்பதற்கில்லை.

பழைய அடுப்படியில் இருந்தவை ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு மறுவேலை இருந்தது. சுவருக்குப் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம். புளியும் பித்தளையும் நேருக்கு நேர் பட்டால் களிம்பு ஏறிக் குழம்பே கெடும் என்பதால், பாத்திரத்தைத் துருத்தி அடுப்பில் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயக் குச்சியால் ஒரு கோடு இழுத்து, உருகும்போதே துணியால் உட்புறமெங்கும் சுழற்றித் தேய்ப்பார் ஈயம் பூசுகிறவர். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், அதனால் தெருவோர அடுப்பே போதும். கறுத்திருந்த உருளி ஒரு நொடியில் வெள்ளியாக மாறுவதைப் பார்க்கத் தெருப்பிள்ளைகள் கூடிவிடும். அம்மியும் ஆட்டுக்கல்லும் வழவழத்துப்போனால் கொத்துவதற்கு ஆள் வருவார். உளியால் பொட்டுப் பொட்டாகக் கொத்தினால் மறுபடி மசாலா அரைபடும். அரிவாள்மணைக்குச் சாணை. மிஷினுக்கு எண்ணெய்.

சுண்ணாம்பும் ஈயமும் எண்ணெயும் தேய்ந்துபோகவென்றே போட்ட பூச்சுகள். தாங்கள் தேய்ந்து அடியில் இருப்பதைக் காப்பாற்றுகிறவை. மறுபடி மறுபடி ஒருவர் வந்து செய்வார் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட பொருள்கள் இவை. ‘ஒருதரம் செய்தால் போதும், அப்புறம் பார்க்கவே வேண்டாம்’ என்று சொல்லி வந்த பூச்சுதான் இவற்றைக் கெடுத்தது: சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட், சிவப்பு ஆக்சைடு தரைமேல் டைல்ஸ், மிஷின்மேல் ஸ்ப்ரே பெயிண்ட். பழையதைப் புதுப்பிக்கிறவரின் பாதி நேரம், கடைசியாகப் புதுப்பித்தவர் செய்ததை எடுப்பதிலேயே போகிறது.

இதைக் கேட்டு, அந்தக் காலமே பொற்காலம் என்று கிளம்பிவிட வேண்டாம். விறகடுப்பின் வாசனையைப் பற்றி உருகுகிறவர்கள் பெரும்பாலும் அதன்முன் உட்கார்ந்து ஊதாதவர்கள். விறகு, சாணம், கரி போன்றவற்றை எரித்துச் சமைப்பதால் வீட்டுக்குள் சேரும் புகையால் 2020ல் மட்டும் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. சுவரைக் காப்பாற்றுவது வேறு, புகையைக் காப்பாற்றுவது வேறு. ஆனால் அந்தப் புகைக்காக விட்ட வழியை மூடக்கூடாது. பழைய அடுப்படியின் கூரையில் ஓட்டைத் தூக்கி வைத்த புகைபோக்கி உண்டு. அடுப்பு மாறியதும், இனி எதற்கு என்று அதை அடைத்துவிடுகிறார்கள். புகை நின்றாலும் கேஸ் அடுப்பின் சூடு நிற்கவில்லையே. சூடான காற்று மேலே போகும் என்பது மாறாது. அந்த வாயைத் திறந்து, பூச்சி வராமல் வலை அடித்து, மழைக்கு ஒரு குடை போட்டால் மின்சாரம் இல்லாத நேரத்திலும் வேலை செய்யும்.

கேஸ் வந்தபோது மாறியது எரிபொருள் மட்டும் இல்லை, உடம்பின் இருப்பும். சிலிண்டரைவிட அடுப்பு உயரத்தில் இருக்கவேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அதற்காக மேடை வந்தது. உட்கார்ந்து சமைத்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஆட்டுக்கல் குழியிலிருந்து கிளம்பித் தோட்டத்துக்குப் போய்ச் செடித்தொட்டி ஆனது. அதன் வேலையைக் கோயம்புத்தூர் கிரைண்டர் எடுத்துக்கொண்டது. முழங்கால் வலிக்காரர்களுக்கு நிற்பது வரம்தான். ஆனால் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே கீரை ஆய்வதும் வெங்காயம் உரிப்பதும் வரமா என்று ஆய்ந்தவர்களைக் கேட்கவேண்டும்.

இதை 1926லேயே யோசித்த ஒருவர் உண்டு. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகள் கட்டியபோது, மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் சமையலறைக்கு ஒரு மாதிரி வரைந்தார். அகலம் ஏறக்குறைய 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டிச் சமையலறையைப் பார்த்துப் பழகிய அளவு. சுமார் 10,000 வீடுகளில் அது வந்தது. மாவு வைக்கும் இழுப்பறை ஓக் மரத்தில், அந்த மரத்தின் துவர்ப்புக்குப் புழு வராது என்பதால். ஜன்னலோரத்தில் வேலைமேசை. அதன்முன் நின்று அல்ல, சுழலும் முக்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கவேண்டும். இதையெல்லாம் வரைந்தபோது அவர் சமைத்ததே இல்லை என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். பிற்பாடு குடிவந்தவர்கள் அந்தச் சமையலறைகளில் பலவற்றைப் பிடுங்கி எறிந்தார்கள். தப்பிய ஒன்று இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எறியும்போது யாருக்கும் தெரியவில்லை.

நம் அடுப்படியில் முக்காலியோ மணையோ போட்டு உட்கார ஜன்னலருகே ஒரு திண்டு விட்டால் போதும். செலவில்லாத காரியம். இருந்தும் புது வரைபடங்களில் அதைக் காண முடிவதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேடைக்குப் போட்ட கடப்பைக்கல்லில் வட்டம் வட்டமாக வெளுத்த தடம் இருந்தால் அது அழுக்கில்லை. கடப்பை என்பது சுண்ணாம்புக்கல் இனம். எலுமிச்சையோ புளிக்கரைசலோ சிந்திக் கிடந்தால் அரித்துவிடும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் இன்னும் அரிக்கும். அதைத் தேய்த்துத்தான் மட்டமாக்க வேண்டும். அடுத்தது அங்கணம். பாத்திரம் கழுவ மூலையில் பள்ளமாக விட்ட இடத்துக்குத் தெற்கத்திப் பெயர் அது. திருக்குறளில் வருகிற பழைய சொல். புது சிங்க் வைப்பவர்கள் அதை மண் போட்டு மூடுவார்கள். தரை கழுவிய தண்ணீர் போக வழியில்லாமல் சுவருக்குள் இறங்கும், பிறகு சுவர் ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்பார்கள்.

வயரிங்கில் மட்டும் பாசம் கூடாது. மரக்கட்டை அடித்து அதன்மேல் ஓட்டிய பழைய வயர் பார்க்க அழகுதான். ஒரு விளக்கும் ஒரு ரேடியோவும் இருந்த காலத்துக்குப் போட்டது. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றே 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். பழைய சின்ன பிளக் 5, 6 ஆம்பியருக்கு மேல் தாங்காது. முழுவதையும் உருவி எறிந்துவிட்டு, தனி வயரும் 16 ஆம்பியர் பிளக்கும் எர்த்தும் போடவேண்டும். எதைக் காப்பது, எதை எறிவது என்பதற்கு வயது அளவுகோல் ஆகாது என்பதை இந்த வயர் நன்றாகக் காட்டுகிறது.

மறுபடி மிஷினுக்கு வரலாம். பின்பக்கத்து வட்டமூடி கழன்றிருக்கிறது. இடப்பக்க முகத்தகடும் எடுத்தாயிற்று. உள்ளே தெரிகிற ஒவ்வொரு பாகமும் திருகாணியில் நிற்கிறது. ஒட்டியதும் உருக்கிச் சேர்த்ததும் எதுவும் இல்லை. செய்தவர்கள், ஒரு நாள் யாரோ இதைக் கழற்றுவார்கள் என்று எதிர்பார்த்தே செய்திருக்கிறார்கள். நேற்று இரவு உரசும் இடங்களில் எல்லாம் மண்ணெண்ணெய் விட்டது. திருகாணிகளுக்குத் தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும். ஒல்லியான திருப்புளியை வைத்து முக்கினால் பள்ளம் சிதைந்து, பிறகு அந்த ஆணி வரவே வராது. சக்கரத்தை வன்மையாகச் சுற்றக்கூடாது. முன்னே ஒரு இழை, பின்னே ஒரு இழை. தலைமுடி உலர்த்தும் கருவியின் சூட்டை ஊசிக்கம்பியின்மேல் காட்டினால் பிசுக்கு இளகும். இளகியதைத் துணியால் ஒற்றி எடுத்து, மறுபடி மண்ணெண்ணெய். முழுவதும் கரைந்து ஓடிய பிறகுதான் மிஷின் ஆயில்.

வெளிப்பக்கம் இதைவிடக் கவனம் கேட்கும். கறுப்பு உடம்பில் தங்க நிறத்தில் எகிப்திய ஸ்ஃபிங்க்ஸ் படம். அதன்மேல் காப்பாக அரக்கு சேர்ந்த வார்னிஷ். மிஷினைப் பளிச்சென்று ஆக்க ஆசைப்பட்டு ஸ்பிரிட்டால் துடைப்பவர்கள் உண்டு. தச்சர்கள் மேசைக்குப் பாலிஷ் போடுவதே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான். அதே ஸ்பிரிட்டைப் போட்டுத் துடைத்தால் அரக்கு கரையாமல் என்ன செய்யும்? முதலில் பளபளப்புப் போகும், பிறகு தங்கம் வெள்ளியாகும், பிறகு படமே துணியோடு வந்துவிடும். மிஷின் ஆயில் நனைத்த பஞ்சுதான் இங்கேயும் மருந்து. அழுக்கு வர நாலு நாள் ஆகட்டும்.

முன்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் படம் சுத்தமாக இல்லை. அதை யாரும் துடைத்து எடுக்கவில்லை. வருஷக்கணக்கில் துணி வழுக்கிப் போன இடம், துணியைத் தள்ளிய கையின் மணிக்கட்டுப் பட்ட இடம். புது ஸ்டிக்கர் வாங்கி ஒட்டலாம், விற்பனைக்குக் கிடைக்கிறது. இந்த வீட்டில் அதை ஒட்டப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். நல்ல முடிவு.

ஒரு பாகம் குறைந்தது. இந்த வகை மிஷினில் வட்ட பாபின் கிடையாது. துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் ஒரு ஷட்டில், அதற்குள் நீளமான பாபின். அது இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. பிள்ளைகள் விளையாட எடுத்துப்போய்த் தொலைக்கிற சாமான்தான். நல்ல வேளையாகப் புதிதாகவும் செய்து விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். சிமெண்ட் வில்லை விழுந்த சுவருக்கு எதிர்ச்சுவரில் ஒரு மாடம் உண்டு. அதில் கருகிய திரி, துருப்பிடித்த சாவி, மூடி நசுங்கிய அஞ்சறைப்பெட்டி. கடுகு இருக்கவேண்டிய அறையில் ஷட்டில் இருந்தது, நூலோடு.

சக்கரம் இப்போது நகக்கண் அளவு முன்னும் பின்னும் அசைகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கலாம். இன்னும் ஓர் இரவு ஊறவேண்டும்.